ஏட்டுரிமையும் கையுரிமையும்

வியாஜ்யத்தில் ஜெயித்தவனுடைய கஷ்டம் டிக்ரி வாங்கிய தினத்தில்தான் ஆரம்பமாகிறது என்று வக்கீல்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையானாலும் அதிலுள்ள உண்மை பெரிது. நிலம் உன்னுடையது என்று நியாயஸ்தலம் எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் அமீனாவை அழைத்துக்கொண்டு போய், வரப்பின்மேல் நின்று, சுவாதீனம் எடுத்துக்கொள்ளாத வரையில் அந்தக் காகிதம் பெட்டிக்குள்ளே கிடக்கும். விளைச்சலோ வேறொருவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் அனுபவத்தில் கண்ட மொழி.

கம்ப்யூட்டர் விஷயத்திலும் இதைப் போன்ற ஒரு டிக்ரி பல வருஷங்களாக ஜனங்களின் கையில் இருந்து வருகிறது. இயந்திரத்தின் நினைவகம், தட்டு, திரை, வலைத்தொடர்பு ஆகிய யாவற்றையும் ஆண்டு நடத்தும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதி மனிதர் படிக்கக்கூடிய வடிவம் மூலநிரல். அதைக் கம்பைலர் என்னும் கருவியைக்கொண்டு இயந்திரத்துக்கு மட்டும் விளங்கும்படி மாற்றிய வடிவம் இருமநிரல். விலைக்கு வாங்கும் இயங்குதளங்கள் பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தில் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன. திறந்த மூல இயங்குதளங்களோ இரண்டையும் கொடுத்து, படிக்கலாம், திருத்தலாம், நீயே மறுபடியும் கட்டிக்கொள்ளலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று உரிமப் பத்திரமும் எழுதித் தருகின்றன. இதைக்காட்டிலும் தாராளமான சாசனம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ஆனால் சாசனம் பெற்ற நம்மில் எத்தனை பேர் ஒரு தரமாவது வரப்பின்மேல் போய் நின்றிருக்கிறோம்?

நாமும் நெடுங்காலம் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவரே. நமது காரியாலயத்தில் சந்தாதாரர் பேரேடும், நிருபர்கள் அனுப்பும் கடிதங்களும், பழைய இதழ்களின் பிரதிகளும் அடங்கிய கம்ப்யூட்டரை ஃப்ரீ-பி.எஸ்.டி. என்னும் திறந்த மூல இயங்குதளம் நடத்தி வருகிறது. 2024ஆம் வருஷத்தில் அதை 13ஆம் கிளையிலிருந்து 14ஆம் கிளைக்கு உயர்த்த முற்பட்டபோது, பிறர் கட்டி அனுப்பும் இருமநிரலை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், மூலநிரலிலிருந்து நாமே கட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். இந்த வேலைக்கு நாம் முற்றிலும் புதியவர். அதில் பெற்ற லாபத்தையும் பட்ட அடியையும் ஒளிக்காமல் எழுதுவது, நமக்குப் பின்னால் இவ்வழியில் வருகிறவர்களுக்கு உபயோகமாகும் என்று நம்புகிறோம்.

வழக்கில் வளர்ந்த வம்சம்

முதலில் இந்த இயங்குதளத்தின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லவேண்டும். கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கல்லூரியில் பில் ஜாய் என்னும் மாணவர், ஏ.டி. அண்ட் டி. கம்பெனியாரின் யூனிக்ஸ் தளத்தின்மேல் செய்யப்பட்ட அபிவிருத்திகளைத் தொகுத்து 1978ஆம் வருஷத்தில் முதலாவது பி.எஸ்.டி. வெளியீட்டை வழங்கினார். அந்த வேலை வருஷந்தோறும் பெருகி, 1991இல் கம்பெனியாரின் உரிமம் இல்லாமலே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையுடன் இரண்டாவது வலைத்தொடர்பு வெளியீடாக வந்தது. வில்லியம் ஜாலிட்ஸ், லின் ஜாலிட்ஸ் என்னும் தம்பதிகள் அதில் குறைந்திருந்த பாகங்களைத் தாமே எழுதிச் சேர்த்து, சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடக்கூடியதாக 1992இல் 386-பி.எஸ்.டி. என்ற பெயரில் வெளியிட்டனர்.

அதன்பின் நடந்ததே இக்கட்டுரைக்கு முக்கியமானது. அந்தத் தளத்தில் பிழைகள் இருந்தன. திருத்தங்கள் வரத் தாமதமாயிற்று. உபயோகித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மூலநிரல் அவர்களிடம் இருந்தது. அதைக் கட்டவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே திருத்தங்களைத் தாமே எழுதி, ஒரு மூட்டையாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்டார்கள். அந்தத் திருத்த மூட்டையைப் பேணி வந்தவர்களில் நேட் வில்லியம்ஸ், ராட் கிரைம்ஸ், ஜார்டன் ஹப்பர்ட் ஆகிய மூவர் 1993ஆம் வருஷத்தில் ஃப்ரீ-பி.எஸ்.டி. திட்டத்தைத் தொடங்கினார்கள். அவ்வருஷம் நவம்பரில் முதலாவது பதிப்பு வெளியாயிற்று.

இதற்கிடையில் வழக்கு வந்தது. ஏ.டி. அண்ட் டி. யின் கிளையான யூனிக்ஸ் ஸிஸ்டம் லாபரட்டரீஸ், பெர்க்லியின் மூலநிரலை வைத்து வியாபாரம் செய்த பி.எஸ்.டி.ஐ. என்னும் கம்பெனியின்மேல் 1992இல் வழக்குத் தொடர்ந்தது. சர்வகலாசாலையும் அதில் இழுக்கப்பட்டது. 1994இன் தொடக்கத்தில் சமாதானம் ஏற்பட்டது. ஏறக்குறைய 18,000 கோப்புகளைக்கொண்ட அந்த வெளியீட்டில் நீக்கப்பட்டவை 3 கோப்புகளே. சிலவற்றில் சிறு மாறுதல்கள் செய்யப்பட்டன. சுமார் 70 கோப்புகளில் பதிப்புரிமைக் குறிப்பு சேர்க்கப்பட்டது. இவ்வளவுக்காகவா இத்தனை வியாஜ்யம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதன் பலன் இலேசானதன்று. ஃப்ரீ-பி.எஸ்.டி.யார் தமது பழைய அஸ்திவாரத்தைக் கைவிட்டு, 4.4 பி.எஸ்.டி. லைட் என்னும் புதிய மூலத்தின்மேல் மறுபடியும் கட்டவேண்டியதாயிற்று. அந்த மூலத்திலோ இயந்திரத்தைத் துவக்கி ஓட வைப்பதற்கு இன்றியமையாத பெரும் பாகங்கள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றை எழுதி நிரப்பி 1994 நவம்பரில் 2.0 பதிப்பை வெளியிட்டார்கள். கட்டத் தெரிந்த கைகள் இருந்தபடியால் வம்சம் பிழைத்தது. பத்திரம் மட்டும் இருந்திருந்தால் பிழைத்திராது.

ஏன் உயர்த்த வேண்டும்?

ஓடுகிற இயந்திரத்தை ஏன் கலைக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 13ஆம் கிளை, அந்தரங்கச் செய்திகளைப் பூட்டி அனுப்பும் ஓபன்-எஸ்.எஸ்.எல். என்னும் நூலகத்தின் 1.1.1 வரிசையை உபயோகித்தது. அந்நூலகத்தை எழுதியவர்கள் அவ்வரிசைக்கு அளித்து வந்த பொது ஆதரவை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டனர். அவ்வருஷம் நவம்பரில் வெளிவந்த 14ஆம் கிளை அதனுடைய 3.0 வரிசைக்கு மாறிவிட்டது. பூட்டுச் செய்தவன் இனிப் பழுது பார்க்கமாட்டேன் என்று சொன்ன பிறகு, அதே பூட்டை நம்பி நிருபர்களின் கடிதங்களை வைத்திருப்பது விவேகமன்று. இதே நூலகத்தில் 2014 ஏப்ரலில் அம்பலமான ஹார்ட்ப்ளீட் என்னும் துவாரம், அன்று ஓடிய எத்தனையோ தளங்களைப் போலவே ஃப்ரீ-பி.எஸ்.டி.யின் 10.0 பதிப்பையும் தொட்டது. அத்துவாரத்தின் வழியாகச் சர்வரின் நினைவகத்திலுள்ள ரகசியங்களை வெளியிலிருப்பவன் உறிஞ்சிக்கொள்ளலாம். அங்கத்தினர் ஜாபிதாவை வைத்திருக்கும் எந்தச் சபையும் மறக்கக்கூடாத பாடம் அது.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 தளத்துக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவடைந்தது. அதற்கு அடுத்த தளத்தின் நிபந்தனைகளுக்கு உட்படாத இயந்திரங்கள், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தபோதிலும், பின்தங்கிப்போயின. கம்பெனியார் தமது பண்டத்துக்குத் தாமே தவணை வைப்பதை நாம் குறை சொல்லவில்லை; அது அவர்களுடைய வியாபாரம். ஆனால் தவணையை நீட்டிக்கும் சக்தி வாங்கியவனிடம் சிறிதும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மூலநிரல் உள்ளவனிடம் அந்தச் சக்தி இருக்கக்கூடும். கட்டத் தெரிந்திருந்தால் மட்டும்.

கட்டும் முறை

வேலையின் ஒழுங்கைச் சொல்லுகிறோம். மூலநிரல் முழுவதும் கிட் என்னும் பதிவேட்டில் இருக்கிறது. 2020 டிசம்பர் முதல் இத்திட்டத்தார் மூலநிரலை இப்பதிவேட்டில் வைத்து வருகிறார்கள். யார், எந்த நாளில், எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்பது அதில் தேதிவாரியாக எழுதப்பட்டிருக்கும். நமக்கு வேண்டிய கிளையை அங்கிருந்து இறக்கிக்கொள்ளவேண்டும். இறக்கியவுடன் செய்யவேண்டியது கட்டுவதன்று, படிப்பது. மூலத்தின் வாசலிலேயே 'அப்டேட்டிங்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. இன்ன தேதிக்கு முன்னுள்ள அமைப்பிலிருந்து வருகிறவர்கள் இன்னதைச் செய்யுங்கள், இன்னதைச் செய்யாதேயுங்கள் என்று அதில் எச்சரிக்கைகள் உண்டு. அதைப் படிக்காமல் ஆரம்பிப்பவன் நோட்டீஸைப் பிரித்துப் பாராமல் கோர்ட்டுக்குப் போகிறவனுக்குச் சமானம்.

பிறகு 'பில்ட்வேர்ல்ட்' என்னும் கட்டளை. கெர்னல் என்னும் கருப்பகுதி நீங்கலாக உள்ள நூலகங்கள், கட்டளைகள், கருவிகள், கம்பைலர் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 'வேர்ல்ட்', அதாவது உலகம், என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் மிகையன்று. இதில் நம்மை வியக்கச் செய்த அம்சம் ஒன்று. கிளை மாறும்போது பழைய கம்பைலர் முதலில் புதிய கம்பைலரைக் கட்டுகிறது. அப்புறம் அந்தப் புதிய கம்பைலர் புதிய உலகத்தைக் கட்டுகிறது. குருவிடம் கற்ற சிஷ்யன் குருவின் வீட்டையே புதுப்பித்துக் கட்டுவது போன்ற காரியம். நமது பழைய இயந்திரத்தில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் தொடங்கிய வேலை நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. அடுத்து 'பில்ட்கெர்னல்', அது அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.

புதியவர்கள் இங்கே ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் இந்த நீண்ட கட்டத்தைக் கண்டுதான் எல்லோரும் நடுங்குகிறார்கள். ஆனால் இதில் அபாயம் எதுவும் இல்லை. கட்டப்படும் யாவும் தனியொரு அடைவில் சேருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின்மேல் ஒரு கீறலும் விழுவதில்லை. நடுவில் மின்சாரம் நின்றாலும் மறுபடியும் தொடங்கலாம். அபாயமெல்லாம் பின்னால் வரும் சில நிமிஷங்களில் இருக்கிறது. நிறுவும் நேரமே அது.

நிறுவுவதில் வரிசைக்கிரமமே பிரதானம். முதலில் புதிய கெர்னலை மட்டும் நிறுவவேண்டும். பழைய கெர்னல் அழிக்கப்படாமல் 'ஓல்ட்' என்ற அடைமொழியுடன் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். புதியது எழும்பாவிட்டால் துவக்கும்போதே பழையதைத் தேர்ந்துகொள்ளலாம். பிறகு இயந்திரத்தை மறுபடி துவக்கி, பிற சேவைகள் எதுவும் ஓடாத ஒற்றைப் பயனர் நிலையில் நிறுத்தி, அதன்பிறகே புதிய உலகத்தை நிறுவவேண்டும். கெர்னல் ஏன் முந்தவேண்டும்? புதிதாக வந்த நீதிபதி பழைய சட்டப்படி எழுதிய மனுவையும் படித்து உத்தரவு செய்வார். பழைய நீதிபதியின் முன்னிலையில், அவர் பதவியில் இருந்தபோது பிறந்திராத சட்டத்தைக் காட்டி வாதித்தால் அவர் விழிப்பார். அதுபோலப் புதிய கெர்னலுக்குப் பழைய கட்டளைகளின் பாஷை தெரியும். பழைய கெர்னலுக்குப் புதியவற்றின் பாஷை தெரியாமல் போகலாம்.

மற்றொரு கட்டம் அமைப்புக் கோப்புகளை இணைப்பது. 'எட்ஸிஅப்டேட்' என்னும் கருவி மூன்று பிரதிகளை ஒப்பிடுகிறது: பழைய பதிப்பில் வந்த அசல், புதிய பதிப்பில் வந்திருக்கும் அசல், நாம் நமது தேவைக்காகத் திருத்தி வைத்திருக்கும் பிரதி. நாம் தொடாத வரிகளை அதுவே புதுப்பித்துவிடும். நாமும் திருத்தி, அவர்களும் திருத்திய வரியைக் கண்டால் அடையாளமிட்டு நம்முடைய தீர்ப்புக்கு விட்டுவிடும். இரண்டு கட்சிக்காரர்கள் கை வைத்த உடன்படிக்கை நகலைப் பார்த்துப் பழகிய வக்கீல்களுக்கு இது புதிதன்று. சலிப்படைந்து எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிக்கொண்டே போகிறவர்கள் தமது சொந்தத் திருத்தங்களையே இழப்பார்கள்.

நமது அவசரம்

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து முடித்தோம். கடைசிப் படியில்தான் தவறினோம்.

நிறுவத் தொடங்குவதற்கு முன்னால், காரியாலயத்தில் உள்ள இளைஞர் ஒருவர், "ஸார், ஒரு துவக்கச் சூழலைப் பிரதி எடுத்து வைத்துவிடலாம், ஒரு நிமிஷம்தான் ஆகும்" என்றார். இஸட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையை உபயோகிக்கும் இயந்திரங்களில், அமைப்பு முழுவதும் அந்தக் கணத்தில் இருந்தபடியே 'பெக்டில்' என்னும் கருவியைக்கொண்டு உறைய வைத்துக்கொள்ளலாம். "இத்தனை தூரம் வந்துவிட்டோம், இன்னும் எதற்குத் தம்பி?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

நள்ளிரவுக்குப் பின் புதிய கெர்னல் எழும்பியது. புதிய உலகமும் வந்து அமர்ந்தது. பதிப்பின் எண்ணைக் கேட்டபோது 14 என்று திரை சொல்லியது. அப்போது நமக்கு ஏற்பட்ட கர்வத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இனிமேல் பழைய குப்பையைக் கூட்டி எறிந்துவிடலாம் என்று, பழைய கோப்புகளை நீக்கும் கட்டளையோடு நில்லாமல், பழைய நூலகங்களை நீக்கும் கட்டளையையும் தொடர்ந்து கொடுத்துவிட்டோம். பிற நிரல்களையெல்லாம் புதிய தளத்துக்கு ஏற்றபடி மறுபடி நிறுவிய பிறகே இரண்டாவது கட்டளையைக் கொடுக்கவேண்டும் என்பது கைநூலில் தெளிவாக எழுதியிருக்கிறது. நாம் அதை மாலையில் படித்தும் இருந்தோம்.

மறுகணம் நிருபர்களின் கடிதங்களை வாங்கும் நிரல் எழ மறுத்தது. 111 என்று எண்ணிட்ட எஸ்.எஸ்.எல். நூலகத்தைக் காணோம் என்று ஒரே வரியில் காரணமும் சொல்லியது. அதைத்தான் நாம் அப்பொழுது கூட்டி எறிந்திருந்தோம். புதிய தளத்தில் இருப்பதோ 30 என்று எண்ணிட்ட நூலகம். சரி, நிரல்களைப் புதிதாக இறக்கிக்கொள்ளலாம் என்று பொதிகளை நிர்வகிக்கும் கருவியை அழைத்தால், அதுவும் அதே நூலகத்தைக் காணோம் என்று படுத்துவிட்டது. வீட்டைத் திறக்கவேண்டிய சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. வெளியூர்க் கடிதங்கள் வந்து சேரவேண்டிய வேளை அது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்னும் பழமொழியை அந்த இரவில் பூரணமாக உணர்ந்தோம்.

இளைஞர் ஒரு வார்த்தையும் பேசாமல் இயந்திரத்தை மறுபடி துவக்கி, துவக்கப் பட்டியலில் தாம் எடுத்து வைத்திருந்த பழைய சூழலைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து நிமிஷத்தில் 13ஆம் கிளை ஒன்றும் நடவாததுபோல் எழுந்து நின்றது. பேரேடு தனித் தொகுதியில் இருந்தபடியால் அதில் ஒரு வரியும் குறையவில்லை. கடிதங்களும் வந்தன. கட்டி முடித்த உலகமும் அந்தச் சூழலுக்குள்ளேயே இருந்ததால் மறுபடி கட்டவேண்டிய அவசியம் இல்லை. மறுநாள் ஓய்வான நேரத்தில், நிறுவும் படிகளை மட்டும் முதலிலிருந்து செய்தோம். இம்முறை நிரல்களையெல்லாம் புதுப்பித்து, ஒவ்வொன்றும் எழுவதைக் கண்ணால் பார்த்து, ஒரு வாரம் பொறுத்த பிறகே பழைய நூலகங்களை நீக்கினோம். நூலகங்களின் துணையை வேண்டாத 'ஸ்டாட்டிக்' வடிவம் ஒன்று அந்தப் பொதிக் கருவிக்கு உண்டு என்பதும், இப்படிப்பட்ட இக்கட்டுக்காகவே அதை வைத்திருக்கிறார்கள் என்பதும் பிற்பாடு தெரிந்தது. தவறு முற்றிலும் நம்முடையது. தப்பியது அந்த இளைஞருடைய முன்யோசனையால்.

இதிலிருந்து நாம் கற்றது இரண்டு. முன்னேறும் ஒவ்வோர் அடிக்கும் பின்வாங்கும் வழி ஒன்றை முதலிலேயே வகுத்துக்கொள்வது கோழைத்தனமன்று, தைரியத்துக்கு அதுவே ஆதாரம். திரும்ப முடியாத படிகளை வேலை முடிந்த மகிழ்ச்சியில் செய்யக்கூடாது. பழைய நூலகங்களை நீக்குவது அத்தகைய படி. இஸட்.எஃப்.எஸ். தொகுதியின் வடிவத்தை உயர்த்துவதும் அத்தகையதே. உயர்த்திவிட்டால் பழைய தளத்தால் அதைத் திறக்க முடியாமல் போகலாம். பதறாத காரியம் சிதறாது.

ஆட்சேபங்கள்

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் ஆட்சேபங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. கட்டி வைத்த இருமநிரலைத் திட்டத்தாரே வழங்குகிறார்கள். அதைக்கொண்டு உயர்த்திக்கொள்வது எளிது. இராப்பொழுதை வீணாக்குவானேன் என்பது ஒன்று. இது முற்றிலும் உண்மை. தினசரி உபயோகத்துக்கு அந்த வழியே போதும். நாமும் எல்லோரையும் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்து கட்டச் சொல்லவில்லை. வீட்டில் விளக்கெரிய மின்சாரம் வந்தபோதிலும் அகல் ஏற்றத் தெரிந்திருப்பது நல்லது என்பதே நமது கட்சி. இது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கவும் வேண்டாம். திரைப்படங்களை உலகெங்கும் வழங்கும் நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனியார் தமது வழங்கு சர்வர்களில் இந்த இயங்குதளத்தையே, அதிலும் அபிவிருத்தி நடக்கும் முதன்மைக் கிளையைத் தொடர்ந்து பின்பற்றி, தாமே கட்டி உபயோகிக்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் ஆழமானது. இத்தனை பெரிய மூலநிரலை யார் படிக்கிறார்கள்? படிக்காமல் கட்டினால் பத்திரம் எங்கிருந்து வரும்? யூனிக்ஸை ஆக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன், டூரிங் பரிசு பெற்றபோது செய்த சொற்பொழிவு 1984இல் வெளியாயிற்று. கம்பைலருக்குள்ளேயே கள்ளத்தனம் புகுந்துவிட்டால், மூலநிரலில் அதன் சுவடே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அது தொடர முடியும் என்று அவர் அதில் காட்டினார். பழைய கம்பைலர் புதிய கம்பைலரைக் கட்டுகிறது என்று மேலே வியந்தோமல்லவா? அந்த வியப்புக்குள்ளேயே இந்த அபாயமும் ஒளிந்திருக்கிறது.

ஆகையால் மூலத்திலிருந்து கட்டிவிட்டால் சர்வ பத்திரம் என்று யாரும் ஏமாறவேண்டாம். ஆயினும் 2024 மார்ச்சில் நடந்ததையும் நோக்கவேண்டும். எக்ஸ்-இஸட் என்னும் சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு மறைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் கட்டுமான வரிகள் பொதுப் பதிவேட்டில் இல்லை; வெளியீட்டுக்கென்று தயாரித்த மூட்டையில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன. லினக்ஸ் தளங்களைக் குறிவைத்த அந்தச் சூது ஃப்ரீ-பி.எஸ்.டி.யைப் பாதிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் பாதுகாப்பு இலாகா அதிகாரி அல்லர். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் நிரலாளர், தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு வழக்கத்தைக்காட்டிலும் சுமார் அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டிக்கொண்டே போய், மார்ச் 29ஆம் தேதி உலகத்துக்கு வெளியிட்டார். பதிவேட்டில் உள்ளது ஒன்று, மூட்டையில் வந்தது ஒன்று என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியும் பழக்கமும் இருந்ததனால்தான் அது சாத்தியமாயிற்று. எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கவேண்டியதில்லை. ஆனால் சந்தேகம் வந்த இடத்தில் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்குச் சிலராவது இருக்கவேண்டும். அவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. முதல் முறை கட்டி, முதல் முறை தவறிய புதியவர்களிலிருந்தே அவர்கள் உண்டாகிறார்கள்.

செய்யவேண்டியது

நமது வாசகர்களில் சபைகளையும் சங்கங்களையும் நடத்துகிறவர்கள் பலர். அங்கத்தினர் ஜாபிதா, வரவு செலவு, கடிதப் போக்குவரத்து எல்லாம் இன்று கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. அந்த இயந்திரத்தை ஆளும் நிரல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைத் தம் கண்ணால் ஒரு தரம் பார்த்தவர் ஒருவராவது ஒவ்வொரு சபையிலும் இருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்குப் பெரிய செலவு இல்லை. மூலையில் கிடக்கும் பழைய இயந்திரம் ஒன்றே போதும். நாம் செய்ததைப்போல் நடப்பு வேலை நடக்கும் இயந்திரத்தில் முதற்பாடம் படிக்கவேண்டாம். கைநூலை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, நிறுவுமுன் பழைய சூழலைப் பத்திரப்படுத்தி, ஆற அமரச் செய்க. தவறினால் திரும்பி வந்து மறுபடி செய்க. தெரிந்துகொண்ட பின் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்து காட்டுக. முன் ஏர் போன வழியே பின் ஏர் வரும்.

1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, நிலத்துக்கோ பணத்துக்கோ பெற்ற டிக்ரியை 12 வருஷங்களுக்குள் நிறைவேற்றக் கோரவேண்டும். தவறினால் டிக்ரி வெறும் காகிதமாகிவிடும். மூலநிரலின் உரிமப் பத்திரத்துக்கு அப்படியொரு காலவரையறை இல்லை. அது என்றும் செல்லும். ஆனால் அதை நிறைவேற்றத் தெரிந்த கைகளுக்குக் காலவரையறை உண்டு. தெரிந்தவர்கள் ஓய்ந்துபோய், தெரியாதவர்கள் பெருகினால், பத்திரம் பழுதின்றி இருக்கும்போதே உரிமை காலாவதியாகிவிடும். நமது காரியாலயத்து இயந்திரத்தின் அடுத்த உயர்வை அந்த இளைஞரே தலைமை வகித்துச் செய்வார். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் உட்காருவதற்கு அச்சுக்கூடத்திலிருந்து ஒரு சிறுவனை இப்போதே நியமித்திருக்கிறோம்.